ஆதியாகமமா, பத்தாம் வகுப்பு அறிவியலா? ஞாயிறு பள்ளிக்கு எந்த வழி?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், உயிரின் தோற்றமும் பரிணாமமும் பற்றி ஒரு பாடம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது என்று 2023-இல் பெரிய சர்ச்சை கிளம்பியபோதும் நம் புத்தகத்தில் அது இருந்தது. ஆக, ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சபைக்கு வருகிற பிள்ளை, சனிக்கிழமை டியூஷனில் டார்வினைப் படித்துவிட்டு ஞாயிறு காலையில் ஆறு நாள் சிருஷ்டிப்பைக் கேட்கிறது. "அண்ணா, இதுல எது உண்மை?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவர்கள் இதற்கு ஏதாவது ஒரு பதிலை முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். வகுப்புக்கு வகுப்பு, ஆசிரியருக்கு ஆசிரியர் பதில் மாறினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தேவன் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. விசுவாசம் இருக்கிறது, அறிவியலையும் ஒதுக்க முடியாது, இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்பது மட்டும்தான் கேள்வி. அதற்குக் கிறிஸ்தவர்கள் கையில் இருக்கும் வழிகளை எடுத்துப் பார்க்கலாம். எனக்கு ஒரு பக்கம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் அறிவியல் தரப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு அமெரிக்கப் பள்ளத்தாக்குகளின் படத்தைத் தேடிப் போக வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிற கொசஸ்தலை ஆறு போதும். நமக்குக் குடிநீர் தருகிற பூண்டி ஏரி அந்த ஆற்றில்தான் இருக்கிறது. அந்தப் படுகையில்தான் அத்திரம்பாக்கமும் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். சில மாதம் கழித்து, சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கிடைத்தன. பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே நிதானமாக அகழாய்வு செய்து 2011-இல் முடிவை வெளியிட்டது. அடி அடுக்கில் இருந்த கைக்கோடரிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள்.

இந்த எண் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. வெயிலில் கிடக்கும் குவார்ட்சைட் கல்லின்மேல் விண்வெளிக் கதிர்கள் விழும்போது அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு வகை அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழத்தில் புதைந்ததும் புதிதாக உருவாவது நின்றுபோகும், ஏற்கெனவே இருப்பது சிதையத் தொடங்கும். அலுமினியம் ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியத்துக்கு ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள். இரண்டும் எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். அதோடு, பூமியின் காந்தப்புலம் தலைகீழாக இருந்த காலத்தின் பதிவும் அந்த மண்ணில் இருக்கிறது. அது கடைசியாகத் திரும்பியது 7,80,000 ஆண்டுகளுக்கு முன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அளவைகள் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய மிஷனரி அவர்தான். பின்னாளில் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். வேதாகமத்தைத் தமிழில் தந்தவரும் இந்த மண்ணின் பழைய மனிதனைக் கண்டுபிடித்தவரும் ஒரே குடும்பம். மாமனாரும் மருமகனும் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதுகிற வேலையே மிச்சமாகியிருக்கும்.

இன்னும் பின்னால் போகலாம். நாம் படியேறிப் போய் ஜெபிக்கிற பரங்கிமலை சார்னோக்கைட் என்ற பாறை. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியின் வயது 454 கோடி என்பது 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்து கிட்டத்தட்ட எட்டிப்பிடித்த கணக்கு, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி.

இப்போது வழிகளுக்கு வருவோம். வட சென்னையின் தனிச் சபைகளில் பெரும்பாலும் காதில் விழுவது நேரடி வாசிப்புதான்: ஆறு நாள், நாளுக்கு 24 மணி நேரம், பூமிக்கு வயது ஆறாயிரம் சொச்சம். இதைக் கேலி செய்கிறவர்கள் அதன் பலத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். வேலைக்குப் போய்க் களைத்து வந்து இரவு ஒரு அதிகாரம் வாசிக்கிற அம்மாவுக்கு, பக்கத்தில் ஒரு பேராசிரியர் உட்கார்ந்து விளக்கம் சொல்லாமலே புரிகிற வாசிப்பு இது. யாத்திராகமம் 20:11 ஓய்வுநாள் கட்டளையை ஆறு நாள் சிருஷ்டிப்பின்மேல்தான் நிறுத்துகிறது. ரோமர் 5-இல் பவுல் ஒரு மனுஷனாலே பாவமும் மரணமும் வந்ததாகச் சொல்லி அங்கிருந்து கிறிஸ்துவுக்குப் போகிறார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறாமல் பார்த்துக்கொள்கிறது இந்த வழி.

ஆனால் இதுதான் ஆதிமுதல் எல்லாக் கிறிஸ்தவர்களும் நம்பியது என்று சொல்வது சரியில்லை. சிருஷ்டிப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்று அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் கணக்குப் போட்டது 1650-இல். அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, எல்லாமே ஒரே கணத்தில் படைக்கப்பட்டது, ஆறு நாள் என்பது நமக்குப் புரிய வைப்பதற்கான வரிசை என்று ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் எழுதிவிட்டார். டார்வினுக்குப் பிறகும் வேதாகமத்தில் பிழையே இல்லை என்று வாதாடிய பழமைவாத இறையியலாளர்கள் பலர் பழைய பூமியை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நோவாவின் வெள்ளம்தான் பாறை அடுக்குகளையெல்லாம் உண்டாக்கியது என்ற இன்றைய வடிவம் அட்வென்டிஸ்ட் என்ற சபைப் பிரிவின் வட்டாரத்தில் தொடங்கி, 1961-இல் இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய ஒரு புத்தகத்துக்குப் பிறகுதான் உலகம் சுற்றியது. பிரசங்கத்தில் அது அப்போஸ்தலர் காலத்து உபதேசம் போலக் கேட்கும். உண்மையில் நம் தாத்தாக்களைவிட இளையது.

இந்த வழி அறிவியலிடம் எங்கே முட்டிக்கொள்கிறது? கார்பன் கணிப்பு தவறு என்று மேடையில் சொல்வார்கள். கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டு வரைக்கும்தான் பயன்படும், பாறைகளின் வயதுக்கு அதை யாரும் நம்பியிருக்கவில்லை. அங்கே வேலை செய்வது யுரேனியம் போன்றவை. யுரேனியம்-238 பாதியாகவே 447 கோடி ஆண்டுகள் ஆகும். அப்புறம் நட்சத்திர வெளிச்சம். 1987-இல் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது, பூமியின் தென்பாதியில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அந்த ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 1,68,000 ஆண்டுகள் பிடிக்கும். பிரபஞ்சத்துக்கே ஆறாயிரம் வயது என்றால், நாம் பார்த்தது நடக்கவே நடக்காத ஒரு வெடிப்பின் படம். தேவன் வழியிலேயே ஒளியைப் படைத்துவிட்டார் என்று பதில் சொல்கிறவர்கள் உண்டு. சரி, அப்படியானால் இல்லாத ஒன்றை இருந்ததுபோலக் காட்டுகிற தேவனாக அவர் ஆகிவிடுகிறார். பொய் சொல்லாத தேவன் என்று வேதம் சொல்கிறவரை இப்படி ஆக்குவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. "இதை நம்பாவிட்டால் வேதமே பொய்" என்று பதினைந்து வயதில் ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டால், கல்லூரியில் முதல் நிலவியல் வகுப்பில் அது வேதத்தையும் சேர்த்தே இறக்கி வைத்துவிடும். அகுஸ்தீனின் எச்சரிக்கையும் இதுதான். வானம் பூமி பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் முன்னால் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை மட்டும் அவர் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார்.

பூமியின் வயதை மட்டும் சரிக்கட்டுகிற இரண்டு சமரசங்கள் உண்டு. இவற்றை நீட்டி முழக்க வேண்டாம். ஆதியாகமம் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகள் போயின, லூசிபர் விழுந்ததில் பழைய உலகம் பாழாகி, பூமி ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் ஆனது என்பது ஒன்று. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் வழியாக அது பரவியது, தமிழ்ப் பிரசங்கங்களிலும் கேட்கலாம். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று வசனம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் நாமே இட்டு நிரப்பியது. இன்னொன்று, கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல என்ற 2 பேதுரு 3:8-ஐப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளையும் ஒரு யுகம் ஆக்குவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரிசை உதைக்கிறது. கனிமரங்கள் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள், மீனும் பறவையும் ஐந்தாம் நாள், தரைவாழ் விலங்குகள் ஆறாம் நாள் என்கிறது வேதம். புதைபடிவங்களில் மீன்கள் கனிமரங்களுக்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியவை, தரைவாழ் விலங்குகளுக்குப் பிறகுதான் பறவைகள். நாளை எவ்வளவு நீட்டினாலும் இந்த வரிசை மாறாது.

அறிவார்ந்த வடிவமைப்பு என்ற வாதம் யூடியூப் வழியாக நம் வாலிபர்களிடம் நிறையவே வந்திருக்கிறது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்துகிற வால் போன்ற கசையிழை மாதிரி நுணுக்கமான உறுப்புகள் படிப்படியாக வந்திருக்க முடியாது, ஆகவே வடிவமைத்த ஒருவர் வேண்டும் என்பது அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹியின் வாதம். பொறியியல் படிக்கிற பையன்களுக்கு இது சட்டென்று பிடித்துவிடும். பூமியின் வயதோடு சண்டையும் இல்லை. ஆனால் 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வழக்கில், இது அறிவியல் அல்ல என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் இதற்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் கென்னத் மில்லர் என்ற உயிரியலாளர், தேவாலயத்துக்குப் போகிற கத்தோலிக்கர். கசையிழையின் பாகங்களில் ஒரு தொகுதி வேறு பாக்டீரியாக்களில் நச்சுப் புரதத்தைச் செலுத்துகிற ஊசியாக இருக்கிறது, பாதி உறுப்புக்கும் வேலை உண்டு என்று காட்டினார். இந்த வழியில் எனக்குள்ள பயம், தெரியாத இடத்தில் தேவனை உட்கார வைத்தால், தெரிய வரும்போதெல்லாம் அவரை எழுந்து நகரச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், நம் பகுதியில் அதிகம் நடைமுறையில் இருக்கிற வழி ஒன்று உண்டு. பரீட்சையில் டார்வின், பலிபீடத்தின் முன் ஆதாம், இரண்டையும் சந்திக்க விடுவதில்லை. அறிவியலுக்கும் மதத்துக்கும் தனித்தனி எல்லை என்று அமெரிக்கப் பரிணாம ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997-இல் இதற்குக் கொஞ்சம் கௌரவமான வடிவம் கொடுத்தார். குடும்பத்தில் சண்டை வராது, மார்க்கும் போகாது. நீட் எழுதப் போகிற பிள்ளையின் பெற்றோர் இதைத்தான் விரும்புவார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேதம் இந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. வானங்கள் தேவனுடைய மகிமையைச் சொல்கின்றன என்கிற சங்கீதக்காரன் உண்மையான வானத்தைத்தான் பார்த்துப் பாடினான். ஞாயிற்றுக்கிழமை கும்பிடுகிற சிருஷ்டிகருக்கும் திங்கட்கிழமை படிக்கிற சிருஷ்டிக்கும் சம்பந்தமே இல்லையென்றால், கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமைதான் தேய்ந்துபோகும்.

கடைசி வழி, நான் தேர்ந்தெடுப்பது: தேவன் படைத்தார், பரிணாமம் வழியாகப் படைத்தார், ஆதியாகமம் முதல் அதிகாரம் அறிவியல் அறிக்கை அல்ல. இது வேதத்தை வளைப்பதில்லையா என்று கேட்பார்கள். அதிகாரத்தையே எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் ஆகாயமும் நீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் தரை, ஆறாம் நாள் அதில் வாழ்கிற விலங்கும் மனிதனும். முதல் மூன்று நாளில் இடம், அடுத்த மூன்று நாளில் குடியிருப்பவர்கள். இரண்டாம் அதிகாரத்தின் வரிசையே வேறு, அங்கே மனிதன் முதலில், விலங்குகள் அப்புறம். இரண்டையும் பக்கத்தில் வைத்த ஆசிரியருக்கு வரிசை முக்கியமாக இருந்திருந்தால் திருத்தியிருப்பார். பாபிலோனியர்களின் சிருஷ்டிப்புக் கதையில் மார்துக் என்ற தெய்வம் தியாமத்தைக் கொன்று அவள் உடலைப் பிளந்து வானமும் பூமியும் செய்கிறான், கடவுள்களுக்கு ஊழியம் செய்யத்தான் மனிதன் உண்டாகிறான். அப்படிப்பட்ட கதைகள் உலவிய உலகில், சண்டையில்லாமல் சொல்லாலே உலகம் உண்டானது, மனிதன் அடிமை அல்ல, தேவசாயல் என்று சொன்னது எவ்வளவு பெரிய விஷயம். பாறையின் வயதைச் சொல்ல அந்த அதிகாரம் முயலவே இல்லை. முதலாளி வர்க்கம் கூலியாளை எப்படிப் பார்த்தது என்று தெரிந்த துறைமுகப் பகுதி ஜனங்களுக்கு இந்தச் செய்தியை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

பூமியானது முளைப்பிக்கக்கடவது, பூமியானது பிறப்பிக்கக்கடவது என்கிற கட்டளைகளையும் கவனியுங்கள். படைப்புக்கே ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. அந்த வேலை எப்படி நடந்தது என்பதன் தடயங்கள் நம் உடம்பிலேயே இருக்கின்றன. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனையில் மட்டும் இருக்கிற வரிசைகள் காணப்படுகின்றன, இரண்டு ஒட்டிக்கொண்ட தழும்பு போல. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நமக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பழுதாகவே வந்திருக்கிறது. மனித மரபணுத் திட்டத்தை நடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் இதையெல்லாம் ஏற்றுக்கொண்ட சுவிசேஷக் கிறிஸ்தவர். பெருவெடிப்புக் கொள்கைக்கு விதை போட்ட ஜார்ஜ் லெமத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் 12-ஆம் பயஸ் அந்தக் கொள்கையைச் சிருஷ்டிப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது சங்கடப்பட்டவரும் அவரேதான். நாளை கொள்கை மாறினால் விசுவாசம் என்ன ஆவது என்பது அவருடைய கவலை. பெருவெடிப்பை வைத்துச் சுவிசேஷம் சொல்கிற நம் ஆட்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரிய விலை ஆதாம். மனித இனம் எந்தக் காலத்திலும் இரண்டே பேராகச் சுருங்கவில்லை, சில ஆயிரம் பேருக்குக் குறையவில்லை என்றுதான் மரபியல் காட்டுகிறது. இன்றைய எல்லோருக்கும் தாய்வழியில் பொதுப் பாட்டியான "மைட்டோகாண்ட்ரியா ஏவாள்" கண்டுபிடிக்கப்பட்டாள் என்று பிரசங்கத்தில் சொல்வது இங்கே உதவாது, அவள் காலத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள். அப்படியென்றால் ரோமர் 5? ஆதாமை அன்றைய மனிதர்களின் பிரதிநிதியாகத் தேவன் அழைத்த ஒருவர் என்று சிலர் வாசிக்கிறார்கள். நம் எல்லோருடைய கதை என்று சிலர். 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார், ஆனால் பல ஆதிப் பெற்றோர் என்ற கருத்தைக் கத்தோலிக்கர் ஏற்க முடியாது என்றார். அந்த முடிச்சு இன்றும் முழுசாக அவிழவில்லை.

இன்னொரு விலை, பாவத்துக்கு முன்பே மரணம். கோடிக்கணக்கான ஆண்டுகள் விலங்குகள் ஒன்றையொன்று தின்று செத்த பிறகா தேவன் நல்லது என்று சொன்னார்? 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலையில் கடல் ஏறி வந்ததைப் பார்த்த காசிமேட்டுக் குடும்பங்களிடம் இதைப் புத்தகக் கேள்வியாகப் பேச முடியாது. பூமியின் தட்டுகள் நகர்வதால்தான் கண்டங்கள் உண்டாகின்றன, கரியமிலச் சுழற்சி நடக்கிறது, அதே நகர்வுதான் சுனாமியும் தருகிறது என்று அறிவியல் சொல்லும். ஏன் இப்படிப்பட்ட உலகம் என்பதற்கு அது பதில் சொல்லாது. நேரடி வாசிப்புக்காரர்கள் எல்லாவற்றையும் ஆதாமின் பாவத்தில் போட்டுவிடுகிறார்கள். எங்களால் அது முடியாது. யோபு 38-இல், நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய் என்று கேட்பதோடு நிற்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு இது போதாது. அது நியாயம்தான்.

இத்தனை விலை கொடுத்தும் ஏன் இதையே எடுக்கிறேன் என்றால், மற்ற வழிகளில் உடைகிற இடம் கல்லிலும் நட்சத்திரத்திலும் இருக்கிறது. அங்கே வாதாடி ஜெயிக்க முடியாது. இந்த வழியில் திணறுகிற இடங்கள் இறையியலுக்குள் இருக்கின்றன. அங்கே திணறுவது சபைக்குப் புதிதல்ல, திரித்துவத்திலும் அப்படித்தான் திணறினோம்.

எந்தச் சபை எதைச் செய்யலாம்? பெரம்பூரிலோ ராயபுரத்திலோ கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி நடத்துகிறவர்களுக்கு வேலை சுலபம். பரிணாமம் வெறும் ஊகத்தைக் காட்டிலும் மேலானது என்று 1996-இல் இரண்டாம் ஜான் பால் சொல்லியிருக்கிறார், தேவன் மந்திரக்கோல் பிடித்த வித்தைக்காரர் அல்ல என்று 2014-இல் ஃபிரான்சிஸ் சொன்னார். பங்குத்தந்தையிடம் இவற்றைக் காட்டினாலே போதும். சி.எஸ்.ஐ. சபை என்றால் போதகர் ஐயரிடம் முதலில் தனியாகப் பேசிவிடுங்கள், கமிட்டியில் திடீரென்று எடுக்காதீர்கள். பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர் நேரடி வாசிப்பை உறுதியாகப் பிடித்திருந்தால், அவருக்குத் தெரியாமல் வாலிபர் கூட்டத்தில் வேறொன்றைக் கற்பிப்பது தப்பு. அங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பழைய பூமியை நம்புகிறவனும் இரட்சிக்கப்பட்டவனாக இருக்கலாம் என்று பிள்ளைகள் முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள் என்று. பலர் அதைச் சொல்ல மறுக்க மாட்டார்கள்.

வகுப்பைக் குரங்கில் தொடங்க வேண்டாம், சண்டை அங்கேதான் வரும். பூமியின் வயதில் தொடங்குங்கள், அடுத்து ஆறு நாளின் அமைப்பு, பரிணாமம் அதற்குப் பிறகு, ஆதாம் கடைசியில். எட்டாம் வகுப்புக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் இப்போது தேவையில்லை, அவர்கள் வர்ணம் தீட்டட்டும். பெரிய பிள்ளைகளை ஒருநாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், ஃபூட் திரட்டிய கற்கருவிகள் 1904-இல் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. ஆராதனை முடிந்து ஞாயிறு மத்தியானமே போகலாம், வாரத்தில் வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை.